முதலாம் மாடியின் அனுமதி

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு பங்குனி மாதத்தில், தொற்றுநோய்க்குப் பயந்து, பிரான்ஸ் முழுவதையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். வெளியே போவதென்றால் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அந்தத் தாளை அரசாங்கம் எழுதித் தராது. நாமேதான் எழுத வேண்டும். கீழே கையெழுத்திடும் நான் இன்ன காரணத்துக்காக வெளியே போகிறேன் என்று சத்தியமாக உறுதி கூறுகிறேன் என்று எழுதி, திகதியும் நேரமும் போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும். அதாவது எனக்கு நானே அனுமதி கொடுத்து, அதை நானே பைக்குள் வைத்துக்கொண்டு போய், பொலிஸ் மறித்தால் நானே நீட்ட வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் பலருக்கு இது விளங்கவில்லை. எழுத்து விளங்காததல்ல பிரச்சினை. "அப்ப இதுக்கு ஆர் ஓம் எண்டு சொல்லுறது?" என்று மூன்றாம் மாடிக்காரர் என்னிடம் கேட்டார்.

"நீங்கள்தான்."

"நான் எனக்கோ?"

"ஓம்."

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

நான் அப்போது ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில், லா ஷப்பெல் மெத்ரோவுக்குக் கிட்ட, ஒரு சிறிய கடையில் வேலை செய்தேன். போட்டோக்கொப்பி அடிப்பது, போன் காட் விற்பது, ஊருக்குப் பார்சல் கட்டுவது. முதலாளி வில்லியே லே பெல் புறநகரில் இருந்தார். கடையைப் பூட்டிய அன்று அவர் தொலைபேசியில், "பிரிண்டரை வீட்டை கொண்டு போம். சனம் பேப்பர் கேட்டு வரும். கேக்கிறவைக்கு அடிச்சுக் குடும்" என்றார். நான் பிரிண்டரையும், மேசையில் கிடந்த சாமான்களை அள்ளிப் போட்ட ஒரு பெட்டியையும் கொண்டுவந்தேன்.

எங்கள் வீடு முதலாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. மேலே இருக்கும் ஐந்து மாடிக்காரரும் என் வாசலைத் தாண்டாமல் தெருவுக்குப் போக முடியாது. பிரிண்டரைச் செருகக்கூடிய பிளக்கும் வாசலோரத்தில்தான் இருந்தது. அதனால் செருப்பு அடுக்கும் தட்டுக்கு மேல் பிரிண்டரை வைத்து, கதவைத் திறந்துவிட்டு, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தப் பிளக்தான் முதற் காரணம்.

இரண்டாவது காரணம் என் மனைவி. அவள் ஒரு மருத்துவமனையின் சமையற்கூடத்தில் வேலை செய்தாள். ஊரே அடங்கிக் கிடந்தபோதும் ஒவ்வொரு நாளும் அதிகாலை வேலைக்குப் போனாள். முதல்நாள் திரும்பி வந்தவள் என்னை வாசலில் கண்டுவிட்டு, "கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு சாரத்தோடை இருக்காதேங்கோ. சனம் போய் வருகுது. களுசானைப் போடுங்கோ" என்றாள்.

மறுநாள் சாரத்தைக் கழற்றிவிட்டு நீளக் களுசான் போட்டேன். களுசானுக்குச் சேட் வேண்டியிருந்தது. சேட்டில் பை இருந்ததால் இரண்டு பேனைகளைச் செருகினேன். கண்ணாடியையும் போட்டுக்கொண்டேன். முதல்நாள் கதவுநிலையில் சாய்ந்து நின்று மூக்கைச் சொறிந்தபடி கதைத்தவர்கள், அன்றைக்கு நிமிர்ந்து நின்று இரண்டு கையாலும் தாளை நீட்டினார்கள். நான் அதே ஆள்தான்.

மூன்றாம் மாடிக்காரர் ஒரு உணவகத்தில் சமையற்காரர். உணவகம் பூட்டியிருந்தது. அவர் மாடிப்படியில் இறங்கி வந்தால் எதிரே இன்னொருவர் ஏற முடியாது, அவ்வளவு தோள். அவருக்குத் தாளை நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்து வைத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"அண்ணை, இது வெறுமையாக் கிடக்கு. ஒரு சீல் இருந்தால் நல்லம்."

"சீல் தேவையில்லை. உங்கடை கையெழுத்துப் போதும்."

"என்ரை கையெழுத்தை ஆர் மதிக்கிறது?"

பெட்டிக்குள் ஒரு சீல் கிடந்தது. கண்ணாடிச் சாமான் உள்ள பார்சல்களில் குத்துவது. ஃப்ரஜில், அதாவது உடையக்கூடியது, என்று சிவப்பில் பெரிதாக விழும். பக்கத்தில் ஒரு வைன் கிளாஸ் படம், பாதி தேய்ந்தது. ஒரு பகிடிக்காக அதை எடுத்து அவருடைய கையெழுத்துக்கு மேலே குத்தினேன். அவர் சிரிக்கவில்லை. தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் இருபது கிலோ அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பொலிஸ் மறிச்சவன் அண்ணை. பேப்பரைப் பாத்திட்டு ரெண்டு அடி பின்னாலை வைச்சான். பிறகு, கவனமாப் போங்கோ மிஸ்யே எண்டான். கடையிலை அம்பது பேர் வரிசை. வாசல்காரனுக்கும் காட்டினன். அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் முன்னுக்கு விட்டான், ஒரு பிள்ளைத்தாச்சிக்குப் பக்கத்திலை. போகேக்கை கதவையும் பிடிச்சு விட்டவன்."

எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. அந்த நாட்களில் தொலைக்காட்சியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது, முதியவர்களையும் நோயாளிகளையும் காப்பாற்ற வேண்டும் என்று. அவர்களைக் குறிக்கப் பிரெஞ்சில் சொன்ன சொல்லும் அதே ஃப்ரஜில்தான். வைன் கிளாஸ் படத்தை எவரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்தநாள் காலை என் வாசலில் இருந்து மூன்றாம் மாடி வரை படிக்கொருவராக நின்றார்கள். நான் உண்மையைச் சொன்னேன்.

"இது பார்சலுக்குக் குத்துற சீல். இதுக்கு ஒரு பெறுமதியும் இல்லை."

"அது எங்களுக்கும் தெரியும் அண்ணை," என்றார் முன்னால் நின்றவர். "கொஞ்சம் நேராக் குத்துங்கோ."

குத்தினேன். நல்ல தேகக்கட்டுள்ள ஆண்களும் பெண்களும் மார்பிலே உடையக்கூடியது என்று எழுதாத குறையாக லா ஷப்பெல் தெருக்களில் போய் வந்தார்கள்.

தாளில் காரணம் எழுத வேண்டுமென்பதால் நான் ஒவ்வொருவரிடமும், "எங்கை போறியள், என்னத்துக்கு" என்று கேட்டேன். எழுதுவதற்காகத்தான் கேட்டேன். ஆனால் அவர்கள் எனக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். தலைகுனிந்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் பால் முடிந்த கதையை முழுதாகச் சொன்னார்கள். ஒருநாள் நான்காம் மாடியில் இருக்கும் ஒருவர் வந்தார்.

"என்ன வாங்கப் போறியள்?"

"கொத்தமல்லி இலை, அண்ணை."

"நேற்றும் அதுக்குத்தானே போனனீங்கள்."

"நேற்று வாங்கினது வாடிப்போச்சு."

"அப்ப இண்டைக்கு வேண்டாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. வாயில் வந்தது. அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். நீ ஆர் கேக்க என்று கேட்டிருக்கலாம். கையில் பேனையும் தாளும் இருந்தன, தானே எழுதிக்கொண்டு போயிருக்கலாம். "சரி அண்ணை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியேறினார். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் ஏறிப் போனதைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பயம். இரண்டாவதாக வந்ததை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நன்றாக இருந்தது.

நானும் அப்படி நின்றவன்தான். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், விசாவுக்காக ஒரு அலுவலகத்தில் காத்திருந்தபோது, இடுப்பில் சாவிக்கொத்தும் கையில் வோக்கி டோக்கியுமாக ஒருவர் வந்து சுவரைக் காட்டி, அங்கே போய் நில் என்றார். போய் நின்றேன். இரண்டு மணித்தியாலம் நின்றேன். என் இலக்கத்தைக் கூப்பிட்டபோதுகூட, அவர் சொல்லவில்லையே என்று அசையாமல் நின்றேன். கடைசியில் பார்த்தால் அவர் கோப்பி மெசின் திருத்த வந்தவர். நான் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் அவருக்கு வேண்டிய வயர் ஓடியிருக்கிறது. வேலையை முடித்துவிட்டு எப்போதோ போய்விட்டார். இது தெரிந்தும்தான் நான் கொத்தமல்லிக்கு மறுத்தேன்.

பிறகு சட்டங்கள் தானாக வந்தன. ஒரு வீட்டுக்கு ஒருநாள் ஒரு ஆள். இறங்குகிறவர் இறங்கி முடியும்வரை ஏறுகிறவர் கீழே நிற்க வேண்டும். சீல் குத்துவது காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. இதை ஒரு தாளில் அடித்துக் கதவில் ஒட்டினேன். ஒட்டிய பிறகு, அதன் கீழேயும் சீலைக் குத்திவிட்டேன். எல்லோரும் நின்று வாசித்தார்கள். எதிர்த்துக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

ஐந்தாம் மாடியில் இருந்த பெண் மட்டும் ஒரு விசித்திரமான வேண்டுகோளோடு வந்தார்.

"அண்ணை, எனக்கு வேண்டாம் எண்டு எழுதித் தருவீங்களோ?"

"விளங்கேல்லைப் பிள்ளை."

"என்ரை மச்சாள் பக்கத்துத் தெருவிலைதான். ஒவ்வொரு நாளும் வந்து சமைக்க உதவி செய் எண்டு போன் அடிக்கிறா. நீங்கள் விடேல்லை எண்டு சொல்லிப் பாத்தன். நம்புறா இல்லை."

அனுமதி மறுக்கப்பட்டது என்று பிரெஞ்சில் எழுதி, சீல் குத்திக் கொடுத்தேன். அவர் அதைப் படம் எடுத்து மச்சாளுக்கு அனுப்பினார். மச்சாள் பதில் அனுப்பியிருந்தாராம், இனி என்ன செய்யிறது, மேலிடத்து உத்தரவு என்று. அந்தப் பெண் போகும்போது, "நீங்கள் இருக்கிறது எங்களுக்குப் பெரிய நிம்மதி அண்ணை" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. இவர்கள் எனக்குப் பயந்து கீழ்ப்படியவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வாசலில் ஒருவன் களுசானோடு இருந்தான்.

மனைவி ஒரு பின்னேரம் கதவில் ஒட்டியிருந்ததை வாசித்துவிட்டு உள்ளே வந்தாள்.

"உங்களை ஆர் இதுக்கு வைச்சது?"

"ஒருத்தரும் வைக்கேல்லை. கேக்கினம், சொல்லுறன்."

"கேட்டால் சொல்லோணுமே?"

நான் கதவில் எழுதியிருந்த நேரத்தைக் காட்டினேன். பன்னிரண்டு மணிக்குப் பிறகு எவரோடும் கதைப்பதில்லை என்று அப்போது ஒரு பழக்கமும் வந்திருந்தது. அவளுக்கும் அது தெரியும். "விசர்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே உள்ள ஒற்றை அறையில், ஒரு பாண்டிச்சேரி ஐயா இருந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கியவர். என்னை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் படிக்கட்டிலேயே உண்மையில் ஃப்ரஜில் சீலுக்குத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான். ஆனால் அவர் சீல் கேட்டு வந்ததே இல்லை. வருவாரென்றால் என்னைத் திட்டத்தான் வருவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன்.

ஒருநாள் சரியாக ஒன்பது மணிக்கு வந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்.

"மிஸ்யே, ஒரு பெர்மிசியோன் வேணும்."

இராணுவத்தில் விடுமுறைக்கு அந்தச் சொல்லைத்தான் பாவிப்பார்கள் என்று பிறகு அறிந்தேன். அப்போது என் காதில் விழுந்தது, தம்பி போய் மிஸ்யே, அதாவது ஐயா, வந்தது மட்டுந்தான்.

"எங்கை ஐயா?"

"ஆர்ஜொந்தெய். எங்க வீட்டு மதாம் அங்க ஆஸ்ரமத்துல இருக்காங்கல்ல, வயசானவங்க இருக்கிற எடம்."

"உள்ளை விடமாட்டினம் ஐயா."

"தெரியும். கீழ நின்னு பாப்பேன். ரெண்டாவது மாடி ஜன்னல்."

"ஒரு கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான் ஐயா. ஆர்ஜொந்தெய் தூரம்."

"அப்ப இல்லீங்களா?"

"இல்லை ஐயா."

"பியேன், மிஸ்யே. சரி."

திரும்பி ஏறினார். ஆறு மாடி. இரண்டாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் நின்று மூச்செடுப்பது எனக்குக் கேட்டது. மறுநாளும் ஒன்பது மணிக்கு, அதே கோட், அதே டை. "இன்னிக்கு?" என்றார். இல்லை என்றேன். மூன்றாம் நாளும் வந்தார். அன்று மனைவிக்கு லீவு. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், அவர் படியேறும் சத்தம் அடங்கியதும் வெளியே வந்து பிரிண்டருக்கு மேல் இருந்த தாள்களில் ஒன்றை எடுத்தாள். விரலை வைத்து ஒரு வரியைக் காட்டினாள்.

"இதை வாசிச்சனீங்களோ?"

தவிர்க்க முடியாத குடும்பக் காரணங்கள், உதவி தேவைப்படுவோரைப் பார்த்துக்கொள்ளுதல் என்று இருந்தது. கிலோமீற்றர் கணக்கு உலாத்தப் போகிறவர்களுக்கு மட்டும் உரிய வேறு வரியில் இருந்தது. நூறு பேருக்கு நான் சத்தமாக வாசித்துக் காட்டிய தாள் அது.

"ஜன்னலுக்குக் கீழை நிக்கிறது இதுக்குள்ளை வருமோ?" என்று கேட்டேன்.

"வருமோ வராதோ, அது அவர் கையெழுத்து வைக்கிற விசயம். நீங்கள் ஆர்?"

நான் ஆறாம் மாடிக்கு ஏறினேன். அவர் இன்னும் டையைக் கழற்றவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஆர்டர் மாறிடுச்சா?"

"ஓடர் எண்டு ஒண்டும் இருக்கேல்லை ஐயா. நீங்கள் முதல்நாளே போயிருக்கலாம்."

"அப்போ மூணு நாளா வேணாம்னது யாரு?"

"நான்தான்."

"நீங்க யாரு?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. கடையிலை போட்டோக்கொப்பி அடிக்கிறவன்."

அவர் டையை இறுக்கினார். "பெரிய ஆபீசருங்கல்லாம் கடைசியில அப்படித்தான் சொல்வாங்க" என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நீங்கள் போகலாம் என்று சொன்னேன். அவர் அசையவில்லை. வேண்டாம் என்று சொன்னதை மாற்றுவதற்கு முறையாகச் சொல்ல வேண்டுமாம். கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் குரலைத் தடிப்பாக்கி, பிரெஞ்சில், நாளை காலை ஒன்பது மணிக்கு ஆர்ஜொந்தெய்க்குப் புறப்படுங்கள் என்று உத்தரவு போட்டேன். குதிக்கால்கள் இரண்டையும் சேர்த்து நின்றார். பிறகு, அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். எழுதி, சீல் குத்திக் கொடுத்தேன்.

அவரைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. மறுநாள் நானும் அவரோடு போவதென்று கதவைச் சாத்தினேன். வாசலில் நாலு பேர் நின்றார்கள்.

"அப்ப எங்களுக்கு?"

"நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்து வையுங்கோ. நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன்."

சமையற்காரர் மனம் நொந்து போனார். "இது பொறுப்பில்லாத கதை அண்ணை" என்றார்.

சேன்-லசார் ஸ்டேசன் வரை நடந்தே போனோம். கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. ஸ்டேசன் வாசலில் ஒரு பொலிஸ்காரி மறித்தாள். ஐயாவின் தாள்களைப் பார்த்துத் தலையசைத்தாள். என்னுடையதைப் பார்த்து, நீங்கள் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். நான் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஐயா திரும்பாமலே, எனக்கு அதுவரை அறிமுகமில்லாத ஒரு குரலில், "இவர் என்னோடு வருகிறார்" என்றார். அவள் வழிவிட்டாள். அதன் பிறகு நான் அவருக்கு இரண்டு அடி பின்னாலேயே நடந்தேன்.

ஆர்ஜொந்தெயில் அந்த இல்லத்தின் முன்னால் ஒரு கார் நிறுத்துமிடம் இருந்தது, ஒரு பூப்பாத்தி இருந்தது. இரண்டாம் மாடி ஜன்னலில் முகக்கவசம் போட்ட தாதி ஒருத்தி திரையை விலக்கி, ஒரு மெலிந்த அம்மாவைச் சக்கரக் கதிரையில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஐயா தொப்பியைக் கழற்றினார். மனைவிக்கு ஆட்களை அடையாளம் தெரிவதில்லை என்று ரெயிலில் சொல்லியிருந்தார். உண்மையாகவே முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் சற்று நேரத்தில் விரலால் கண்ணாடியில் தட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஐயா குனிந்து பார்த்தார். கோட்டில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து பூட்டினார். பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்து, தள்ளிப் போ என்று கையால் காட்டினார். நான் பூப்பாத்திக்குள் ஒரு கால் வைத்திருந்தேன். தள்ளி நின்றேன்.

கடைசியாக உள்ளங்கையை விரித்து எங்கள் இருவருக்கும் காட்டினார். அங்கேயே நில்லுங்கள். கதிரை திரும்பியது, திரை மூடியது.

நின்றோம். அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். தாதி கீழே வந்து, கதவுக்குள் இருந்தபடியே, அந்த அம்மா சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டார், உங்களை மறந்திருப்பார், நீங்கள் போகலாம் என்றாள்.

"நிக்கச் சொல்லியிருக்காங்க, மதாம்," என்று ஐயா பிரெஞ்சில் மரியாதையாகச் சொன்னார்.

தாதி என்னைப் பார்த்தாள். நானும் ஐயாவைப் போல நிமிர்ந்து நின்றேன். மெல்லிய தூறல் விழத் தொடங்கியது. பிறகு திரை ஒரு பக்கம் விலகியது. அந்த அம்மா எதையோ மென்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பாண் துண்டு. எங்களைக் குனிந்து பார்த்து, ஒருவர், இரண்டு பேர் என்று எண்ணுவது போல விரலை ஆட்டினார். திருப்திப்பட்டவர்போல, பாண் துண்டாலேயே வீதிப் பக்கம் காட்டினார். நாங்கள் புறப்பட்டோம்.